கம்பி வைக்காத பைன் காய்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற மெயின் ரோட்டில், பாதி தூரத்தில் இடது கைப்பக்கம் ஒரு சிமெண்ட் பட்டறை இருந்தது. வேலி கிடையாது. ரோட்டைப் பார்த்தபடி தாமரைப் பீடங்களும், திராட்சைக்குலை தொங்கும் ஜன்னல் வளைவுகளும், கொடி சுற்றிய தூண்களும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். புது வீடு கட்டுகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, "அந்தக் காய் இருக்கா?" என்று கேட்பார்கள்.

காய் என்றால் பைன் மரத்துக் காய். செதில் செதிலாக, அடி பருத்து நுனி கூம்பிய, ஒன்றரை அடி உயரச் சிமெண்ட் காய். கேட் தூண் இரண்டின் தலையிலும் ஒவ்வொன்று உட்கார்ந்தால் வீட்டுக்கே ஒரு தோரணை வந்துவிடும் என்று அந்த வட்டாரத்தில் ஆகிப்போயிருந்தது. சிலர் அன்னாசி என்றார்கள், சிலர் தாமரை மொட்டு என்றார்கள். கொத்தனார்கள் மட்டும் 'பரிபூரணத்தக்கா காய்' என்றே சொன்னார்கள்.

பரிபூரணத்துக்குச் சொந்த ஊர் தளவாய்புரம். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் நைட்டி தைக்கும் கம்பெனியில் கழுத்துப்பட்டி வைத்துத் தைத்தவள். காசிராஜனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் சிமெண்டில் கை வைத்தாள். காசிராஜன் இலை போடுவதில் கெட்டிக்காரன். வெற்றிலைக் கொடி, திராட்சைக் கொடி, மாங்காய் வரிசை, வாழைப்பூ என்று எதைக் கேட்டாலும் படம் பார்க்காமல் களிமண்ணில் இழுத்துவிடுவான். பரிபூரணம் அவனுக்குக் கலவை குழைத்தாள், மோல்டு கழுவினாள், வார்த்ததைத் தண்ணீர் தெளித்து ஈரம் காத்தாள். வேலை செய்கிறவள் அவள், கைகாரன் அவன் என்பது இரண்டு பேருக்குமே சந்தேகமில்லாமல் இருந்தது.

அதை மாற்றியது சுப்பராஜா கொண்டுவந்த காய். சுப்பராஜா ராஜபாளையத்தில் நூல் வியாபாரம் செய்தவர், புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு கொடைக்கானல் போனபோது பைன் காட்டில் பொறுக்கிய காய் ஒன்றைத் துண்டில் பொதிந்து எடுத்து வந்து காசிராஜன் கையில் கொடுத்தார்.

"இதே மாதிரி ரெண்டு. பெருசா. கேட்டுக்கு."

காசிராஜன் ஒரே நாளில் களிமண்ணில் உருவம் பிடித்துவிட்டான். வட்டம் வட்டமாகச் செதில் அடுக்கி, ஒவ்வொரு வட்டத்தையும் மேலே போகப்போகச் சின்னதாக்கி, நுனியில் ஒரு குமிழ் வைத்தான். சுப்பராஜா வந்து பார்த்தார். சுற்றி நடந்தார்.

"என்னப்பா இது, பலாக்காய நட்டமா நிப்பாட்டுன மாதிரில்ல இருக்கு?"

காசிராஜன் இரண்டாம் தடவை செய்தான், மூன்றாம் தடவை செய்தான். பலாக்காய் போகவில்லை. எரிச்சலில் சுப்பராஜா கொடுத்த காயைத் தூக்கி மணல் குவியலில் எறிந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

பரிபூரணம் அதை எடுத்துத் தூசி தட்டினாள். நாலு நாள் அதை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து, ஒரு செதிலின் தோளிலிருந்து அடுத்த செதிலின் தோளுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று ஓட்டிப் பார்த்தாள். நூல் வட்டமாகச் சுற்றவில்லை. சாய்ந்து சாய்ந்து ஏறியது. வலப்பக்கம் சாய்ந்து ஏறும் வரிசைகளை எண்ணினாள், எட்டு. கறுப்பு நூல் எடுத்து இடப்பக்கம் சாய்பவற்றை எண்ணினாள், பதின்மூன்று. நம்பாமல் மூன்று முறை எண்ணினாள். ஒவ்வொரு செதிலும் இரண்டு பாதைகளிலும் ஒரே நேரத்தில் நின்றது. காசிராஜன் செய்ததில் அடுக்கு இருந்தது, இந்த ஏற்றம் இல்லை.

களிமண் உருண்டையில் இருபத்தொரு கோடு கீறிக்கொண்டு, கோடுகள் வெட்டும் இடத்திலெல்லாம் ஒரு செதிலை எழுப்பினாள். சுப்பராஜா இந்த முறை சுற்றி நடக்கவில்லை. நின்ற இடத்திலேயே, "பாகுந்தி. சால பாகுந்தி" என்றார். தெலுங்கு வீட்டாரோடு பழகின ஊர், ரொம்ப நன்றாக இருக்கிறது என்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. காசிராஜனும் சிரித்தான். ஆனால் அன்றைக்குத் தன் கலவையைத் தானே குழைத்துக்கொண்டான்.

அந்த வீட்டைப் பார்த்தவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களின் சம்பந்தக்காரர்கள் கேட்டார்கள். பத்து வருஷத்தில் இரண்டு ஊரிலும், தேவதானம் சேத்தூர் வரைக்கும், எத்தனையோ கேட்டுகளின் மேல் பரிபூரணத்தின் காய் ஏறியது. ஒரே மகள் பிரிஸ்கில்லா கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கப் போனது அந்தக் காயால்தான்.

ஒன்று மட்டும் பரிபூரணம் ஆரம்பத்திலிருந்தே பிடிவாதமாக வைத்திருந்தாள். காய் முப்பது கிலோ. நடுவில் பன்னிரண்டு எம்எம் கம்பி ஓட வேண்டும், அடியில் ஒரு அடி நீட்டிக்கொண்டு தூணுக்குள் இறங்க வேண்டும். தூண் எழும்பும்போதே சொன்னால் வேலை சுலபம். பூச்சு முடிந்து, கிரானைட் ஒட்டி, பாலிஷ் போட்ட பிறகு வருகிறவர்கள்தான் தொல்லை. அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

ஹயக்ரீவனையும் அனுப்பியிருக்க வேண்டும்.

ஹயக்ரீவன் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார். கிரகப்பிரவேசத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவரும் மனைவி ஸாவித்ரியும் பட்டறைக்கு வந்தார்கள். தூண் முழுக்கக் கறுப்பு கிரானைட் ஒட்டியாகிவிட்டது. இது 2018 வைகாசியில்.

மறுநாள் காயை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார்கள். கொத்தனார் சந்தனம் டிரில்லரை எடுத்ததும் ஹயக்ரீவன் பதறிவிட்டார்.

"கல்லுல ஓட்டை போட்டா விரிசல் விட்டுடும். நாளன்னிக்கு விசேஷம். இப்பப் போய் உடைக்கப்டாது."

"கம்பி எறங்கணும் சாமி," என்றாள் பரிபூரணம். "இல்லாட்டா நிக்காது."

காசிராஜன் குறுக்கே வந்தான். "டைல்ஸ் ஒட்டுற பசை இருக்குல்லா. செவுத்துல அம்புட்டு பெரிய கல்ல ஒட்டுதான், விழுதா? கம்பிய அறுத்துட்டு ஒட்டிருவோம் சார். உங்க பேரன் காலத்துக்கும் அசையாது."

அவள் சொல்லியிருக்கலாம். விசேஷம் முடியட்டும், மதுரையிலிருந்து விரிசல் விழாமல் துளை போடுகிற மெஷின் வரவழைத்து அடுத்த வாரம் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது அவள் வாய்வரை வந்தது. ஆனால் ஹயக்ரீவனின் மருமகன் இன்ஜினியர் என்றும், விசேஷத்துக்கு மதுரை, விருதுநகரிலிருந்தெல்லாம் கட்டடக்காரர்கள் வருவார்கள் என்றும் வந்த உடனேயே ஸாவித்ரி சொல்லியிருந்தாள். அத்தனை பேர் உள்ளே நுழையும்போது தன் காய் இரண்டும் அந்தக் கறுப்புக் கல்லின் மேல் நிற்க வேண்டும் என்று பரிபூரணத்துக்கு ஆசையாக இருந்தது. கம்பியை அறுக்க அவளே கையைக் காட்டினாள். பசையைக் குழைத்ததும், பல்லுக்கரண்டியால் அதை வரிவரியாக இழுத்ததும் அவள்தான்.

ஒரு வருஷம் காய் அசையவில்லை. அது அவளுக்குத் தைரியம் கொடுத்தது. அதற்குப் பிறகு முடிந்துபோன தூணோடு வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பவில்லை. இன்னும் பத்து வீட்டில் அப்படியே ஒட்டினாள்.

2022 ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. நாலாம் நாள் காலை மழை விட்டு வானம் வெறித்திருந்தது. ஏழே முக்கால் இருக்கும். மாரிக்கனி குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வந்தாள். முப்பத்தெட்டு வயது, ஒப்பந்த வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். விசில் ஊதிவிட்டு, வீட்டுக்காரர்கள் வாளி கொண்டு வருகிற வரைக்கும் ஹயக்ரீவன் வீட்டு இடது தூணில் சாய்ந்து நிற்பது அவள் வழக்கம்.

ஸாவித்ரி இரண்டு வாளியோடு வந்தாள். மழையில் கேட்டின் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. ஒரு இழுப்புக்கு வரவில்லை. வாளிகளைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் பலமாக இழுத்தாள். கேட் தூணில் மோதித் திரும்பியது. மேலே காய் ஒரு பக்கமாக நகர்ந்ததை அவள் பார்த்தாள். "ஏம்மா" என்று மட்டும்தான் கூப்பிட முடிந்தது.

மாரிக்கனியை முதலில் ஊர் ஆஸ்பத்திரிக்கும் பிறகு மதுரைக்கும் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனாள்.

செய்தியைச் சந்தனம்தான் போனில் சொன்னார். பரிபூரணம் அப்போது ஒரு மோல்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைக்காமலே போனை எடுத்துக் கேட்டுவிட்டு, காசிராஜனிடம் சொன்னாள். அவன் வேலையை நிறுத்தவில்லை.

"மழை. இடி. எது வேணா இருக்கும். அந்தத் தெருப் பக்கம் போயிராத."

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனாள். தெருவைக் கழுவியிருந்தார்கள். வலது தூணின் காயையும் இறக்கியிருந்தார்கள். காய் மூன்று துண்டாகச் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. அடித்துண்டு கவிழ்ந்திருந்தது. அதன் அடிப்பக்கம் தட்டையாக, சாம்பல் நிறத்தில், பசை காய்ந்த வரிகளோடு அப்படியே இருந்தது. கரண்டியை அவள் இழுக்கும்போது கடைசியில் ஒரு வளைவு விழும், இடது கைப்பழக்கம். அந்த வளைவும் இருந்தது. அறுத்த கம்பி நடுவில் ஒரு துருப்புள்ளியாகத் தெரிந்தது. எக்கிப் பார்த்தாள், தூணின் மேல் கிரானைட் முகம் தெரிகிற பளபளப்போடு இருந்தது. ஒரு சொட்டு பசை அதைப் பிடித்திருக்கவில்லை.

கேட்டுக்கு உள்ளே ஸாவித்ரி நின்றுகொண்டிருந்தாள். இவளை அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்தாள்.

"நான்தான் கேட்டை இழுத்தேன்," என்றாள் மெதுவாக. "ஆத்துல யார்கிட்டயும் சொல்லல. காத்துல விழுந்துடுத்துன்னு அவர் எழுதிக் குடுத்துட்டார். நான் இழுத்ததுனாலதானே?"

"நீங்க இல்ல மாமி."

"பின்னே?"

பரிபூரணம் பதில் சொல்லும் முன்னால் உள்ளேயிருந்து ஹயக்ரீவன், "யார் அங்கே?" என்றார். ஸாவித்ரி திரும்பிப் போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து ரோட்டோர வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பால்கனிக்கு அடியில் தாமரை, வாசற்படிக்கு மேல் திராட்சைக்குலை, மாடிக் கைப்பிடிச் சுவரில் கொடி, கேட்டில் காய். பாதி அவர்கள் பட்டறையில் வார்த்தது. எல்லாமே ஆட்கள் நடக்கும் இடத்துக்கு மேலேதான் இருந்தன. இவ்வளவு நாள் அவள் அவற்றைக் கீழேயிருந்து அண்ணாந்து, நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தாள்.

காசிராஜனிடம் அன்றைக்கே சொன்னாள். "இன்னும் பத்து வீடு இருக்கு. எறக்கணும்."

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? போலீசு முடிச்சிட்டுப் போயிட்டான். காத்துன்னு எழுதியாச்சு. நம்ம பேரு எங்கயும் இல்ல. நீயா போயி ஒவ்வொருத்தன் வீட்டுலயும் நின்னு, நான் வச்சது விழும்னு சொன்னா, அந்த வீட்டு வாசல்ல செத்தவ சாவுக்கு யாரு காரணம்னு கேக்க மாட்டானா?"

"கேக்கட்டும்."

"எம் பேரையும் சேத்துல்ல கேப்பான்!"

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். மறுபடியும் மழை பிடித்தது. மழைச்சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்தப் பத்து வீட்டு வாசலிலும் யார் யார் நிற்பார்கள் என்று மனசு கணக்குப் போட்டது. பள்ளிக்கூட வேனுக்குப் பிள்ளைகள் நிற்கும் வீடு ஒன்று. கேட் ஓரம் கீரைக்காரி கூடை இறக்கும் வீடு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிப் பாட்டில் எழுந்து வெளியே வந்தவள், நேரே சந்தனம் வீட்டுக்குப் போனாள்.

சந்தனம் முதலில் யோசித்தார். "நானும் அன்னைக்கு அங்கதான நின்னேன்," என்று கடைசியில் சொல்லிவிட்டு, கயிறையும் உளியையும் எடுத்து வண்டியில் கட்டினார்.

வேன் நிற்கும் வீடுதான் முதலில். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளிறி, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு, "உடனே எறக்குங்க" என்றார். சந்தனம் ஏணியில் ஏறிக் காயில் கயிறு கட்டி, உளியை இடுக்கி ஒரு தட்டுதான் தட்டினார். காய் வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வந்தது. கயிற்றில் தொங்கிய அதைப் பார்த்து வாத்தியார் மனைவி அழுதுவிட்டாள். பிறகு அழுகை கோபமாகி, பரிபூரணத்தை வாய்க்கு வந்தபடி பேசினாள். பரிபூரணம் நின்று கேட்டுக்கொண்டாள். பேசி முடித்த பிறகு மற்ற தூணிலிருந்ததையும் இறக்கினார்கள்.

ஏழு வீட்டில் இப்படி நடந்தது. கத்தினவர்கள் உண்டு, காப்பி கொடுத்தவர்கள் உண்டு. ஒரு வீடு கைமாறியிருந்தது, வாங்கினவர்கள் காயை முன்னமே உடைத்துப் போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் வேறு ஆளை வைத்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டு, மறுவாரம் இறக்கினார்கள். ஒரே ஒருவர் மட்டும் முடியாது என்றார். ராஜபாளையத்தில் பெரிய துணிக்கடை வைத்திருந்தவர்.

"அது வச்ச பொறவுதான் எனக்கு எல்லாம் கூடிவந்துச்சு. தொடக்கூடாது."

"விழுந்துரும் அண்ணாச்சி. ஒரு பொம்பள செத்துப்போயிட்டா."

"எவ செத்தா? எங்க செத்தா? இங்க வந்து பயம் காட்டுத சோலி வச்சுக்காத. இன்னொரு தடவ வாசல்ல பாத்தேன், போலீசக் கூப்பிடுவேன்."

அவள் இன்னும் இரண்டு தடவை போனாள். மூன்றாவது தடவை வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அந்த வாட்ச்மேன் தூணுக்குக் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் மட்டும் சொன்னாள், "அண்ணே, நாக்காலியத் தள்ளிப் போட்டுக்கோங்க." அவர் மேலே பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்தினார்.

இதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பட்டறைப் பக்கம் ஒரு வண்டி நிற்கவில்லை. காசிராஜன் மூன்று வாரம் பட்டறையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தான். பிறகு ஒருநாள் மதியம் தன் களிமண் கருவிகளையும் இரண்டு வேட்டியையும் பையில் போட்டுக்கொண்டு திருப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினான்.

"இலை போடுற கைக்கு எங்கயும் வேல இருக்கு," என்றான். "நீ ஒங்காயக் கட்டிக்கிட்டு அழு."

பிரிஸ்கில்லா போன் செய்து, "அப்பாவ ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்று கேட்டாள். பரிபூரணம், "சாப்பிட்டியா?" என்றாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

கார்த்திகை கடைசியில் அவள் மாரிக்கனியின் வீட்டைத் தேடிப் போனாள். மாரிக்கனியின் புருஷன் சமுத்திரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். இரண்டு மணிக்கு மேல் வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சுவரில் மாரிக்கனியின் போட்டோ, அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. மூத்த பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பரிபூரணம் தண்ணீரைத் தொடவில்லை.

"அந்தக் காய வார்த்தது நான்தான் தம்பி. கம்பி வச்சிருக்கணும். வைக்கல. பசைய வச்சு ஒட்டினேன். காத்துல விழல."

சமுத்திரம் திரும்பி போட்டோவைப் பார்த்தான்.

"அந்த வீட்டுக்கிட்டதான் செத்த நேரம் சாஞ்சு நிப்பேன்னு சொல்லுவா," என்றான். "கல்லு குளுகுளுன்னு இருக்கும்னு. காலையில எந்திரிச்சதுல இருந்து அந்த ஒரு எடத்துலதான் அவ நின்னது."

பரிபூரணம் அழுதாள். அவன் அழவில்லை.

"எந்திரிங்க. எங்கிட்ட அழாதீங்க. காத்துதான்னு எழுதிக் குடுத்திருக்கான். நானும் கைநாட்டு வச்சேன். காத்து மேல யார் என்ன செய்ய முடியும்னு இருந்தேன். இப்ப நீங்க வந்து இத எங்கையில குடுத்திட்டுப் போனா நான் என்ன செய்ய? எங்கிட்ட சொன்னா முடிஞ்சுதா? போயி அங்க சொல்லுங்க. எழுதினவன்கிட்ட சொல்லுங்க."

அவள் அங்கிருந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த ஏட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "யக்கா, இது முடிஞ்ச பேப்பரு. ஏன் போயி கொளத்தக் கலக்குறீங்க? வீட்டுக்குப் போங்க" என்றார். மறுநாளும் போனாள். எழுதி வாங்கவில்லை. அதற்குப் பிறகு சமுத்திரம் அவளையே கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தான். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் தள்ளி வேறு சீட்டில் உட்கார்ந்தான். மனுவில் அவள் சொன்னது எல்லாம் இருந்தது; கம்பியை அறுத்தது, பசை, கல்லில் ஓட்டை போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னது, எல்லாம்.

நாலு மாதம் கழித்து வழக்கு வந்தது. கவனக்குறைவால் மரணம். முதல் எதிரி காசிராஜன், இரண்டாம் எதிரி பரிபூரணம். ஹயக்ரீவன் சாட்சிப் பட்டியலில் இருந்தார். கம்பி வேண்டாம் என்று தான் சொல்லவே இல்லை, வேலைக்காரர்கள் விருப்பத்துக்கு ஒட்டிவிட்டுப் போனார்கள் என்று அவர் வாக்குமூலம் கொடுத்திருந்தார். ஸாவித்ரி எதுவும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தது.

வக்கீல் அதைப் படித்துக் காட்டியபோது பரிபூரணத்துக்குக் கோபம் வந்தது. அவர் இல்லை என்கிறார், அந்த அம்மா கண்ணால் பார்த்தும் இல்லை என்கிறாள், புருஷன் ஊரைவிட்டே போய்விட்டான், உண்மையைச் சொன்னவள் மட்டும் கூண்டில் நிற்க வேண்டும். ஒரு நாள் முழுக்க இப்படிப் புழுங்கினாள். பிறகு அந்தக் கரண்டி வரிகளின் வளைவு நினைவுக்கு வந்தது. அது அவள் கைதான்.

"இல்லன்னு சொல்லிரலாம்மா," என்றார் வக்கீல். "வெறும் வாய்வார்த்தைதான். உடைஞ்ச துண்டு எதையும் எடுத்து வைக்கல. சாட்சி நிக்காது."

"நான் சொன்னத மாத்த மாட்டேன் சார்."

"அப்ப எதுக்கு வக்கீல்?"



பட்டறை இருந்த இடத்தை இடத்துக்காரர் பஞ்சர் கடைக்கு விட்டுவிட்டார். மிச்சமிருந்த காய்களைச் சந்தனமும் அவளும் சம்மட்டியால் உடைத்து, ஒரு அஸ்திவாரக் குழியில் கொட்டினார்கள். ஃபைபர் மோல்டை ஒரு ஆள் விலைக்குக் கேட்டு வந்தான், தென்காசிப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன். அவள் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த சித்திரையில் ராஜபாளையத்தில் ஒரு புது வீட்டுக் கேட்டில் அதே காயைப் பார்த்தாள். எவனோ ஏதோ ஒரு வீட்டுக் காயிலிருந்து அச்சு எடுத்திருக்கிறான். செதில் மழுங்கியிருந்தது, ஆனாலும் எட்டும் பதின்மூன்றும் சரியாக ஏறின. உள்ளே கம்பி இருக்கிறதா என்று கீழேயிருந்து யாராலும் சொல்ல முடியாது. கேட் மணியை அடித்தாள். வெளியே வந்த பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் புரியாமல் விழித்துவிட்டு, "எங்களுக்குத் தெரியாதுங்க, கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

இப்போது பரிபூரணம் பேண்டேஜ் துணி சுருட்டும் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நின்றபடி வேலை. வெள்ளைத் துணி, ஒரு பூ கிடையாது, ஒரு கோடு கிடையாது. பக்கத்து டேபிள்காரி ஒருத்தி சமாதானமாக, "ஒன்னைய மாதிரி ஒத்துக்கிட யாருக்கு மனசு வரும்" என்று சொன்னபோது, "ஒத்துக்கிட்டா அவ எந்திரிச்சு வருவாளா?" என்று கேட்டாள். அந்தப் பேச்சு பிறகு எழவில்லை.

வாய்தாவுக்கு மட்டும் லீவு போடுகிறாள். இதுவரை பதினான்கு வாய்தா. காசிராஜன் வருவதில்லை, அவனுக்குப் பிடிவாரண்டு போட்டிருக்கிறார்கள். நீதிபதி மாறினார், ஹயக்ரீவனுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு தடவை தள்ளிப்போனது. ஒருமுறை வந்த ஸாவித்ரி, இவளைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காருக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

சமுத்திரம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறான். கோர்ட் வளாகத்தில் நீளமான சிமெண்ட் பெஞ்சு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு கோடியில் அவன், மறு கோடியில் அவள். நடுவில் வேறு வழக்குக்காரர்கள் வந்து உட்கார்ந்து எழுந்து போவார்கள்.

போன புரட்டாசியில் ஒருநாள், பெயர் கூப்பிட்டு உள்ளே போன வேகத்தில் இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். மறுபடியும் தள்ளிப்போட்டாயிற்று. அவனுக்கு டவாலி சொன்னது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. படியில் நின்று அவளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் அவனாக அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"எந்தத் தேதி சொன்னாங்க?"

"அடுத்த மாசம் பத்தொம்பது."

"பத்தொம்பதா? அன்னைக்கு மூத்தவளுக்கு ஸ்கூல்ல மீட்டிங்கு."

"பத்தரைக்குத்தான் கூப்பிடுவாங்க," என்றாள் பரிபூரணம். "அத முடிச்சிட்டு வரலாம்."

 அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தான். அவள் ராஜபாளையம் பஸ்ஸுக்குப் போனாள்.